களத்து ஓரம்

செம்மநத்தம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நந்தினி ஒருத்திதான். மற்றதெல்லாம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பொடிசுகள். விளையாட்டு நேரத்தில் அதுகள் கைகோத்து வட்டம் சுற்றும். இவள் தனியாக ஓடுவாள்.

பள்ளிக்கு மைதானம் கிடையாது. பக்கத்து எஸ்டேட்டின் காப்பிக் களம்தான். தை பிறந்தால் களம் நிறையப் பழம் காயும். ஓரத்தோடு சுற்றி ஓடவேண்டும்.

"மிதிச்சுப்புடாத சாமி! பழத்துல கால் பட்டுச்சுன்னா நாளைக்கு ஒருத்தரையும் உள்ள உட மாட்டேன்" என்று காவல்காரர் குழந்தைவேல் கத்துவார்.

"அவ மிதிக்க மாட்டாளுங்க. நீ ஓடு கண்ணு" என்பார் சுகுணா டீச்சர்.

"யாரோடங்க டீச்சர்?"

"நீயாத்தான்."

ஏற்காட்டில் ஓட்டப்போட்டி வந்தது.

"மொத நாலு பேருக்குள்ள வந்தீன்னா ரிலே டீம்ல சேத்துக்குவாங்க. சனிக்கிழமையானா மத்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களோட பயிற்சி" என்றார் டீச்சர்.

"நாலு பேரும் ஒண்ணாவுங்களா?"

"ஒண்ணாத்தான்."

பஸ்ஸில் ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தம் போய் இறங்குவதற்குள் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டுவிட்டாள்.

போட்டி தொடங்கும் இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சரண்யா என்கிற பெண் இடித்தாள். "உங்க ஸ்கூல்ல வேற யாரும் வரலியா?"

"அஞ்சாவதுல வேற யாரும் இல்ல."

"அய்ய! அப்ப நீ யாரு கூடச் சண்ட போடுவ?"

நந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீம்ல வந்தீன்னா எனக்கு அடுத்து நில்லு. குச்சிய உன் கையிலதான் குடுப்பேன்" என்றாள் சரண்யா.

விசில் ஊதினார்கள். பாதித் தூரத்திலேயே நந்தினிக்கு முன்னால் யாரும் இல்லை. எதிரே, ஓட்டம் முடியும் இடத்தில், பாய் விரித்த மாதிரி அகலமாகச் சுண்ணாம்புப் பொடி கொட்டியிருந்தது. அதைக் கண்டதும் கால் தானாக ஓரம் திரும்பியது. பொடியில் படாமல், அதன் விளிம்போடு ஓடிச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். அதற்குள் எல்லோரும் மிதித்துத் தாண்டியிருந்தார்கள்.

"ஏங் கண்ணு அப்படிப் போன?" டீச்சர் ஓடிவந்து கேட்டார்.

"விரிச்சிருந்துச்சுங்க டீச்சர்."

"சுண்ணாம்புக்குப் பயந்த புள்ளடி!" என்று எவளோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சரண்யா சிரிக்கவில்லை. இவளைப் பார்த்துக் கையாட்டினாள். அதற்குள் முதல் நாலு பேரையும் போட்டோ எடுக்க அழைத்தார்கள். சரண்யா மற்ற மூவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. வீட்டிலிருந்து ஒரு கை கோலமாவு எடுத்துக்கொண்டு நந்தினி களத்துக்குப் போனாள். பழம் காயாத மூலையில் அகலமாகக் கோடு போட்டாள்.

"லீவு நாள்ல என்ன சாமி?"

"ஓடறனுங்க."

"யாரோட?"

அவள் கோட்டைக் காட்டினாள். "இத மிதிக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"அது காப்பியா என்ன? நல்லா மிதி!" என்று சொல்லிவிட்டுக் குழந்தைவேல் பழம் கிளற நகர்ந்தார்.

ஓடிவந்து மிதித்தாள். திரும்பிப் போய் மறுபடியும் ஓடிவந்தாள். ஒவ்வொரு தடவையும் கோட்டைத் தாண்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிப் பார்த்தாள்.

வெயில் ஏறியபோது கோடு முழுக்கக் காலடித் தடமாக இருந்தது. எல்லாம் ஒரே அளவு.