இரண்டு பேர் நிற்கும் மேல்தளம்

மகள் பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே படகுத் தச்சர் அப்பாவிடம் கேட்டார்.

"மேல்தளத்துல எத்தன பேரு நிப்பீங்க? அதச் சொன்னாத்தானே சட்டத்துக்கு எந்த மரம்னு பாக்க முடியும்."

"இனிமே நான் ஒருத்தன்தான்," என்றார் அப்பா. "லேசான பைன் மரமே போதும். தேக்குப் போட்டா சின்னப் படகு, தலை கனத்துடும்."

அம்மா கண்ணைத் திறந்தாள். இன்று தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் காது மட்டும் அவளுக்குக் கொஞ்சமும் மங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் படகில் அப்பாவுக்குப் பின்னால் நின்று கயிறு பிடித்தவள்.

"என்னைக் கழிச்சிட்டாரா?" என்றாள்.

மகள் வெளியே போனாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கேக்குது. ரெண்டு பேருன்னு சொல்லுங்க."

"சொன்னா? எந்திரிச்சு வந்து நிக்கப் போறாளா? நல்லா இருந்தப்பவே அவ ஏறினா படகு ஒரு பக்கமாச் சாயும்."

தச்சர் சிரிக்கத் தொடங்கியவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்றதுக்குக் காசா பணமாப்பா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ரெண்டு பேருக்கே போட்டுடுங்க. தேக்கையே எடுங்க." சொல்லிக்கொண்டே தச்சருக்கு ஒற்றை விரலைக் காட்டினார். தச்சர் பைனை எடுத்தார்.

அப்பா கெட்ட மனுஷர் இல்லை என்று உங்களிடம் சொல்ல, கதை சொல்லும் எனக்கும் ஆசைதான்.

உள்ளே அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

"தேக்குன்னாரே, கேட்டியா? அறுத்து முடிக்க மதியம் ஆயிடும். பைன்னா ரம்பம் சரசரன்னு போயிடும். நீ கொஞ்சம் பேசாம இரு. கேக்கணும்."

வெளியே ரம்பம் இழுபடத் தொடங்கியது.

மகள் குளியலறைக்கு ஓடினாள். தகர வாளியைக் குழாயடியில் தள்ளி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் இரைந்தது. வாளி நிரம்பி, வழிந்து, அவள் பாதங்களை நனைத்துப் படியைத் தாண்டிப் போனது. அவள் மூடவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவிடம் மூச்சில்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. மதியம் இன்னும் ஆகவில்லை. ரம்பம் எப்போதோ நின்றுபோய், அறுத்த துண்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மகள் ஈரக்காலோடு நின்றாள். பிறகு அம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை மெதுவாக எடுத்து, காது தெரியாதபடி இழுத்துவிட்டாள்.