மறு அறிவிப்பு வரும்வரை

ஜெராக்ஸ் கடைக்காரியின் மகள் இறந்துபோன பிறகு, பள்ளிக்குத் திடீர் விடுமுறை விட்ட நாட்களில் மட்டும் வீட்டில் இருந்தாள். 'இன்று பள்ளி இயங்காது' என்று கைபேசிக்குச் செய்தி வந்த மறு நிமிடம் சீருடையோடு நின்று, "ஐ, லீவா?" என்பாள். மறுநாள் காலை ஏழே முக்காலுக்குப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவாள். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையின் வாய் வரைக்கும் தெரிவாள், அப்புறம் தெரியமாட்டாள். 'இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும்' என்று வந்தால் சரியாக இரண்டு மணி நேரம் இருப்பாள். தலை வாரிவிட்டு ரெண்டு வாய் ஊட்டுவதற்குள் அந்த நேரம் போய்விடும். முதல் தடவை தாய்க்காரி கதவைப் பூட்டிப் பார்த்தாள். பூட்டு போட்டபடி கிடந்தது, பிள்ளை தெருவில் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த தடவை கையைப் பிடித்துக்கொண்டே கூடப் போனாள். சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் பார்த்தால் கை காலியாக இருந்தது. அதற்குப் பிறகு வாசலில் நின்று "போகாதடி கண்ணு" என்று கெஞ்சுவதோடு சரி.

பிள்ளை போன விதம் ஊருக்கே தெரியும். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாது என்பதால் தெருவே வாயாடி என்றுதான் கூப்பிடும். அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தலைமையாசிரியை ஏழரைக்கே விடுமுறை என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் முத்திரை குத்தாத அறிவிப்பு செல்லாது என்பது அவர் சட்டம். கைபேசியில் போகிற செய்திக்கு எதற்கய்யா முத்திரை என்று கேட்க அங்கே ஓர் ஆளுக்கும் வாய் வரவில்லை. முத்திரை பீரோவுக்குள், பீரோ சாவி எங்கேயோ. எழுத்தர் அலுவலகத்தையே தலைகீழாகப் புரட்டிச் சாவியைக் கண்டுபிடித்து, தாளில் அழகாக ஒரு குத்து குத்தி, செய்தியை அனுப்பியபோது மணி எட்டு பத்து. அந்நேரம் வாயாடி சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் இருந்தாள். அடப்பாவிகளா என்று ஊர் தலையில் அடித்துக்கொண்டது. பெற்றோர் பட்டியலிலிருந்து அந்தத் தாயின் எண்ணை நீக்க எழுத்தருக்குக் கை வரவில்லை. அதனால் செய்தி போய்க்கொண்டே இருந்தது. செய்தி போனதால் பிள்ளையும் வந்துகொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. லாரி ஓட்டும் கணவன் அத்தனை வருஷத்தில் மூன்று விடுமுறைக்குத்தான் வீட்டில் இருந்தான். மூன்று தடவையும் மகளை மடியில் வைத்துக் கதை கேட்டுவிட்டு, லாரியைக் கழுவப் போவதாகச் சொல்லிப் போய் அழுதான். இடையில் இரண்டு வருஷம் மழையே இல்லை. "ஊரே குடத்தைத் தூக்கிட்டு அலையுது, உனக்கு மட்டும் புயல் வேணுமாக்கும்" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்துவிட்டு, சொன்ன வாய்க்காகத் தானே அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ்காரி சுத்தியலோடு போய்ப் பள்ளியின் தண்ணீர்க் குழாயை உடைத்தாள். காவலாளி பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் இல்லையென்று பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது.

பத்தாம் வருஷத்துப் புயலில் பள்ளியின் ஒரு பக்கச் சுவர் கூரையோடு விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. 'மறு அறிவிப்பு வரும்வரை பள்ளி மூடப்படுகிறது' என்று செய்தி வந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, வெளியே சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. கடையை அடைத்தாள். ஒரு மாதம் தாயும் மகளும் ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். கண் விழித்தால் பிள்ளை பக்கத்தில் கிடந்தாள். அதைவிட என்ன வேண்டும்? இரண்டாம் மாதம் வாயாடிக்குப் பேச்சு குறைந்தது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி முதல் பாடத்துக்குப் போனாள். "எப்பம்மா தொறப்பாங்க?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருப்பிள்ளைகளோடு விளையாடேன்டி என்றால், "அவங்க என் கிளாஸ் இல்லம்மா" என்றாள். அவள் வகுப்புப் பையன்களுக்கு மீசை முளைத்துவிட்டதை எந்த வாயால் சொல்வது? நாலாம் மாதம் ஒரு நாள் முழுக்க அவள் பேசவேயில்லை. அதைத் தாய்க்காரியால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம்தான், சுவர் கட்டி முடிகிறவரை பள்ளியை அதன் பின்னாலிருந்த கிடங்கில் நடத்தலாம் என்று முடிவானது. தலைமையாசிரியையின் சட்டம் மாறுமா? பட்டியலில் இருக்கும் அத்தனை பெற்றோரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பாராம். முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் ஜெராக்ஸ்காரியே கடையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். முந்நூற்றுப் பதினொன்று திரும்பி வந்தன. எழுத்தர் கடை வாசலில் வந்து நின்றார்.

"நீங்க போடலைன்னாலும் பரவாயில்லக்கா. ஃபார்ம் தொலைஞ்சிடுச்சுன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன். எத்தனை மாசம் வேணும்னாலும் தொலைக்கிறேன்."

"ஊர்ப் பிள்ளைங்க படிக்க வேணாமா தம்பி?"

எழுத்தர் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். "ஒவ்வொரு லீவு முடிஞ்சப்பவும் நான் ஸ்கூல் கேட்டுல நின்னு பாப்பேன்க்கா. பாப்பா ஒரு தடவைகூட வந்து சேரல. அதனாலதான் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வர்றாளோ என்னமோ. ஒருவேளை இந்தத் தடவை வந்து சேர்ந்துட்டான்னா, அப்புறம் வீட்டுக்கு..."

அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் நின்ற மகளைப் பார்த்தாள், திரும்பி வந்தாள், கையெழுத்துப் போட்டாள்.

பள்ளி திறந்த அன்று இரட்டைப் பின்னல் போட்டு, சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தாள். வாயாடிக்கு நாலு மாதத்துப் பேச்சும் ஒரேயடியாகத் திரும்பிவிட்டது. பல் துலக்கும்போதுகூட நுரையோடு பேசினாள். படியிறங்கியவள் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தாள். "போகாதடி" என்பது தொண்டை வரைக்கும் வந்தது. "நேரமாச்சு, ஓடு!" என்றாள் தாய்க்காரி.

எட்டரைக்குக் கைபேசி அடித்தது. எழுத்தர்தான்.

"அக்கா, வந்து சேர்ந்துட்டா. முதல் பெஞ்சுல உக்காந்திருக்கா. வாயை மூடவே மாட்டேங்கிறான்னு டீச்சர் திட்டறாங்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி ஓவென்று அழுதாள்.

அன்று சாயந்திரம் பள்ளி விட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், அவள் மட்டும் வரவில்லை. அந்த மழைக்காலத்தில் மூன்று விடுமுறையும் ஒரு தாமதமும் வந்தன, அவற்றுக்கும் வரவில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பிள்ளை எங்கே என்று விசாரித்தால், "ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்பாள். எதிர்வீட்டுக்காரியைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.