வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ்

வெள்ளிக்கிழமையானால் யோகராணி ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்துவிடுவாள். பழைய கறி ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது. தலைமுழுகி, சாமிக்கு விளக்கேற்றிய பிறகுதான் அடுப்பில் உலை. சமூகநல அலுவலகத்து வெள்ளைக்கார அம்மா போன வாரம் அந்த நேரம் பார்த்தா வந்து ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும்? உள்ளே ஒரு பால் போத்தல் மட்டும் குந்திக்கொண்டிருந்தது. மூலையில் சுருட்டியிருந்த பாய்களையும் பார்த்துவிட்டு அவள் போனாள்.

எல்லாம் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்கள் வீட்டில் கட்டில் இல்லை" என்று சொன்னதால் வந்த வினை.

இன்றைக்கு அந்த அம்மா மறுபடி வந்திருந்தாள். மொழிபெயர்க்க மலேசியாக்காரி சீதாதேவி கூட வந்திருந்தாள். புருஷன் சபாரத்தினம் பென்ரோஸ் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். பிள்ளைகள் இரண்டும் தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"அக்கா, பிள்ளைங்கள கொஞ்ச நாளைக்கு ஹென்டர்சன் ஏரியாவுல ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துகிட்ட விடணுமாம். அங்க நல்ல சாப்பாடு, தனித்தனிக் கட்டிலாம்." சீதாதேவி குரலைத் தாழ்த்தினாள். "தப்புதான், இனிமே சரியா பாத்துக்கிறேன்னு பணிவா சொல்லிடுங்க. ஒருவேளை விட்டுடுவாங்க."

யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன தப்பு? பெற்ற பிள்ளைக்குப் பழஞ்சோறு போடாததா?

"நான் சொல்லுறதைச் சொல்லு தங்கச்சி. வெள்ளிக்கிழமையில பழசு வைக்கமாட்டன், அதுதான் ஃபிரிட்ஜ் வெறுமை. ஊரில ஷெல் விழுந்த நாளில இருந்து இதுகள் என்ர கை மேல படாமல் நித்திரை கொள்ளாதுகள், அதுதான் எல்லாரும் ஒண்டாப் பாயில. ஆமிக்காரன் துவக்கோட வாசலில நிண்டு கேட்டும் நான் பிள்ளையளைக் குடுக்கேல்லை. இவவுக்குக் குடுப்பனோ?"

சீதாதேவி அந்த அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அப்படியே சொல்லவாக்கா?"

"ஓம். ஒரு சொல்லும் குறையாமல்."

சீதாதேவி சொன்னாள். முதலில் தடுமாறிய குரல் போகப் போக நிமிர்ந்தது. அந்த அம்மா பாய்களைப் பார்த்தாள். சீலையை இறுக்கிப் பிடித்திருந்த சின்னக் கைகளைப் பார்த்தாள். பிறகு பேனையை மூடிவிட்டு ஏதோ சொன்னாள்.

"இன்னிக்குக் கூட்டிட்டுப் போகலையாம். திங்கட்கிழமை திரும்ப வந்து பாப்பாங்களாம்," என்றாள் சீதாதேவி.

யோகராணி பிள்ளைகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"திங்கள் வேண்டாம். வெள்ளிக்கிழமையே வரட்டும்," என்றாள். "மத்தியானம், சமைச்சு முடிஞ்ச பிறகு. வெறும் வயித்தோட வரச் சொல்லு."