மூணு வருஷம் போகட்டும்

கம்ப்யூட்டர் விஷயத்தில் ராஜாராமனைப் போல ஓர் அவசரக்காரரை விருத்தாசலத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிற கம்பெனியில் சூளை சூப்பர்வைசர். அங்கே பரம நிதானம். வீட்டுக்கு வந்தால், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் மேல் பைத்தியம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது வர்ஷன் வரும். புதுச்சேரி நண்பர் ஒருவர் சிடி அனுப்புவார். தபால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் மனுஷன் வாசல் கேட்டுக்கு ஓடிப்போய் உறையைக் கிழித்துவிடுவார். ஒரு தடவை ஸ்பீக்கர் ஊமையாச்சு, ஒரு தடவை பிரிண்டர் படுத்துக்கொண்டது, ஒரு தீபாவளிக்குப் புதுச்சட்டைகூடப் போடாமல் கறுப்புத் திரையை வெறித்தபடி கிடந்தார். அப்போதெல்லாம் அவர் மனைவி ஜயா வாய் திறந்ததில்லை. புருஷன் சீட்டாடப் போகாமல் வீட்டில் கிடக்கிறாரே, அதுவே போதும் என்று விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவர் இந்த ஐப்பசியில் வந்த சிடியை, உறையைக்கூடப் பிரிக்காமல், தூக்கி பீரோ மேலே வைத்துவிட்டார்.

"இப்ப இருக்கிறது கெட்டியான வர்ஷன். மூணு வருஷத்துக்குக் கை வைக்க வேணாம்னு போட்டவனுங்களே சொல்லியிருக்கானுங்க. புதுசு இப்பத்தான் வந்திருக்குது. சூளை ஆறுறதுக்குள்ள கதவைத் திறந்தா என்ன ஆவும்? உள்ள இருக்கிற சரக்கெல்லாம் விரிசல் வுட்டுடும். மூணு வருஷம் போவட்டும்" என்றார்.

சூளையைப் பற்றி அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் இத்தனை வருஷம் இல்லாத சூளை இப்போது எங்கேயிருந்து வந்தது? அது ஜயாவுக்குத் தெரியும்.

எல்லாம் அந்த கேமராவால் வந்தது. மகள் வர்ஷினி மஸ்கட்டிலிருந்து, தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய சின்ன வெப்கேமரா. கம்ப்யூட்டரில் சொருகினால் எதுவுமே நடக்கவில்லை. ஜயா போனில் சொன்னதும், "புது வர்ஷன் போட்டா தானா எடுத்துக்கும் அத்தை, நான் பார்த்துட்டேன்" என்று ஜெரின் சொன்னான். ஜெரின்தான் வர்ஷினியின் புருஷன். மாதா கோயில் தெருப் பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

ராஜாராமன் வாயில் கெட்ட வார்த்தை என்று ஒன்று உண்டென்றால் அது 'திருட்டு'தான். காசு கொடுக்காமல் விண்டோஸ் போட்டுக்கொண்டவனைப் பார்த்தால் கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார். "திருட்டு விண்டோஸு! இங்க சும்மாவே சுதந்திரமா கெடைக்குது, ஏன்யா திருடுற?" என்று சாம்பாரை ஆறவிட்டுப் பாடம் நடத்துவார். மகள் விஷயம் காதுக்கு வந்த அன்றைக்கும் அதே வார்த்தைதான் வந்தது. "திருட்டுக் கல்யாணம். இனிமே அவ காலு இந்த வாசப்படியில படக் கூடாது." அதோடு சரி. மகள் பெயரை அவர் அப்புறம் சொன்னதே இல்லை.

இப்போது வர்ஷினிக்கு ஏழாம் மாதம். தாய் வீட்டில் உட்காரவைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, ஐந்து வகை சாதம் கிளறிப் போட வேண்டிய நேரம். மஸ்கட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மாமியாருக்கும் இன்னும் கோபம் தீரவில்லை. ஜயாவின் பெற்ற வயிறு எரிந்தது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால், அவள் அங்கே கேமரா முன்னால் உட்காரட்டும், நான் இங்கே உட்காருகிறேன்.

"காலுதானே படக் கூடாது? மொகம் வந்துட்டுப் போவட்டுமே. இந்த வூட்டுக்குள்ள ஒரு தடவை அவ மொகம் வரணுங்க" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் என்ன உங்க சினிமாக் கொட்டாயா? கெட்டியா ஓடுறதைக் கெடுக்க மாட்டேன்."

"ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி கெடுத்தீங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கெட்டி?"

"அப்ப எனக்கு அனுபவம் பத்தல."

"அனுபவமா! ஊருக்கெல்லாம் சுதந்திரம் சுதந்திரம்னு தொண்டை கிழியக் கத்துறீங்க, பெத்த பொண்ணுக்கு மட்டும் அது கெடையாதா?"

ராஜாராமன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ரசம் தரையெல்லாம் ஓடியது. ஜயா துடைக்கவில்லை. அவரே மிதித்து வழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல கரண்டு போய், வழக்கம்போலத் திரும்பி வந்தது. அந்த வருஷம் தினமும் அப்படித்தான். காலையில் போய்விட்டால் அப்புறம் பொழுதுக்கும் தொல்லை இல்லை. வந்தவுடன் ஜயா ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த சிடியை எடுத்தாள். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். மெயில் பார்க்க அதைத் தட்டித்தானே உள்ளே போகிறாள். சிடியைப் போட்டதும், வர்ஷனை மாற்றவா என்று அதுவே கேட்டது. மாற்று என்றாள்.

ராஜாராமன் ஈசிசேரில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பாய்ந்து வருவார், வயரைப் பிடுங்குவார் என்று அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தயாராக இருந்தாள். அவர் வரவே இல்லை. பேப்பருக்கு மேலே ஒரு தடவை எட்டிப் பார்த்தார், மறுபடி படித்தார். பரவாயில்லை, மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று அந்தப் பைத்தியக்காரி நினைத்தாள். அவருக்கு ஒரு டம்ளர் காபிகூடப் போட்டுக் கொடுத்தாள். அவரும் வாங்கிக் குடித்தார்.

திரையில் பச்சைப் பட்டை முக்கால்வாசி ஏறியிருந்தது. தாம்பாளத்தில் பச்சை வளையல்களும் மஞ்சளும் பூவும் வைத்து, அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்போது ஃபேன் நின்றது. திரையும் இருண்டது.

"என்னங்க இது? காலையிலதானே போயிட்டு வந்துது?"

ராஜாராமன் பேப்பரை நிதானமாக மடித்தார். "இன்னையிலேர்ந்து மத்தியானமும் ஒரு வாட்டி நிறுத்துறாங்க. பேப்பர்ல போட்டிருக்குது."

"எப்பப் படிச்சீங்க?"

"காலையிலயே."

"தெரிஞ்சுக்கிட்டே ஒக்காந்திருந்தீங்களா? எங்கையால காபியும் வாங்கிக் குடிச்சுக்கிட்டு?"

"நீ கேக்கலையே" என்றார். "பாதியில நின்னுச்சுன்னா அவ்வளவுதான், இனிமே அது எழுந்திரிக்காது. நான் அப்பவே சொன்னேன்."

அடப்பாவி மனுஷா! ஜயா கேமராவை வயரோடு பிடுங்கி அவர் மடியில் போட்டாள். தாம்பாளத்திலிருந்ததை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் கொட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பாலக்கரைக்கு ஆட்டோ பிடித்தாள்.

அந்தப் பக்கம் கரண்டு இருந்தது. பிரவுசிங் சென்டரில், பலகை வைத்து மறைத்த ஒரு சின்னக் கூண்டுக்குள் அவளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். பக்கத்துக் கூண்டில் எவனோ துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். படம் திக்கித் திக்கி வந்தது. முதலில் நெற்றி, பிறகு மூக்கு, அப்புறம் முழுசாக வர்ஷினி. எழுந்து நின்று, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றைக் காட்டினாள். ஜயா வளையல் ஒவ்வொன்றையும் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டித் தன் கையில் போட்டுக்கொண்டாள். அங்கே ஜெரின் அதே மாதிரி ஒவ்வொன்றாக வர்ஷினிக்குப் போட்டுவிட்டான். பழக்கமில்லாமல் அவன் அழுத்தியதில் ஒரு வளையல் உடைந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஜயா அழுதாள். நம் வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டியது இப்படித் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் நடக்கிறதே என்று அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கரண்டு வந்திருந்தது. ராஜாராமன் பழைய சிடியைப் போட்டு, பழைய வர்ஷனையே மறுபடி ஏற்றி வைத்திருந்தார். அவள் கையில் முழங்கை வரைக்கும் பச்சை வளையல் குலுங்குவதைப் பார்த்தார்.

"எங்க போன?"

"பிரவுசிங் சென்டருக்கு."

"அங்க பூராவும் திருட்டு விண்டோஸு."

"ஆமாங்க. திருட்டுக் கல்யாணம் பண்ணவ திருட்டு விண்டோஸுலதான் வந்தா. தெளிவா வந்தா."

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜயா விளக்கேற்றினாள், அரிசி களைந்தாள். வளையல் சத்தம் வீடெல்லாம் கேட்டது. அவள் உலை வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த கேமரா. தொண்டையைக் கனைத்தார்.

"எப்படி இருக்கா?"

இரண்டு வருஷத்தில் இது முதல் தடவை. ஜயாவுக்கு நெஞ்சு ஒரு கணம் இளகத்தான் செய்தது. மகள் பூரித்துப் போய், கன்னமெல்லாம் உப்பி, அச்சு அசல் அவர் அம்மாவைப் போலவே இருந்தாள். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் காலையில் குடித்த காபி டம்ளர் இன்னும் ஈசிசேர் பக்கத்திலேயே கிடந்தது.

"என்ன அவசரம்? சூளை ஆறட்டும்" என்றாள். "மூணு வருஷம் போவட்டும், சொல்றேன்."

டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.