யாரும் போடாத பணம்

திங்கட்கிழமை காலை சோப்புத்தூள் மொத்தக் கடையில் கார்டு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறைக்கு முன்னால் கடைக்காரர் அதைத் தன் சட்டையில் நன்றாகத் தேய்த்துப் பார்த்தார். அப்போதும் மிஷின் மசியவில்லை.

"பேங்க்ல போய்க் கேளுங்க," என்று சொல்லிவிட்டு மூட்டையை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

லாண்ட்ரிக்காரன் பேங்குக்குப் போனான். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"உங்க கணக்கை முடக்கியிருக்காங்க. ஃபைனான்ஸ் கம்பெனி கோர்ட் ஆர்டர் வாங்கியிருக்கு. யாருக்காவது ஜாமீன் போட்டீங்களா?"

போட்டிருந்தான். மற்றவர்கள் மனக்கோட்டை கட்டுவார்கள். அவன் மனைவியின் அண்ணனோ கடன் வாங்கி, காற்றடைத்த நீச்சல் குளம் ஒன்றை வாங்கினார். பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். நான்கு விழாக்கள் நன்றாகத்தான் நடந்தன. ஐந்தாவதில் ஒரு குழந்தை முள்கரண்டியோடு குளத்தில் இறங்கிவிட்டது. "கையெழுத்துதானே, போடுங்களேன்," என்று அன்றைக்கு மனைவி சொன்னாள், போட்டான். அவள் இறந்து பதினொரு மாதமாகிறது. கையெழுத்து மட்டும் உயிரோடு இருந்தது.

"நோட்டீஸ் வந்திருக்குமே?"

வந்திருக்கும். பதினொரு மாதமாக எந்தக் கடிதத்தையும் அவன் பிரித்ததில்லை.

"மொத்தம் நாற்பத்தெட்டாயிரம். உங்க கணக்குல இருக்கிற முப்பத்தோராயிரம் போயிடும். இன்னும் பதினேழு குறையுது. அது சேர்ற வரைக்கும் எது வந்தாலும் அங்கதான் போகும். பணம் போடலாம், எடுக்க முடியாது."

வேறு வாரமாக இருந்தால் அவன் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இந்த வாரம் முடியாது. முந்தின நாள்தான் லாண்ட்ரியின் பெரிய மிஷினில் மோட்டார் எரிந்துபோயிருந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடைக்காரர் பத்தொன்பதாயிரம் கேட்டார், அதுவும் கையில் வைத்தால்தான் மோட்டாரைத் தருவேன் என்றார். சனிக்கிழமை காலை மிஷின் ஓடவில்லை என்றால் துணிகளை வேறு லாண்ட்ரிக்கு மாற்றிவிடுவதாக ஹோட்டல் மேனேஜர் சொல்லிவிட்டார். ஹோட்டல் போனால் லாண்ட்ரி போயிற்று. ஹோட்டலின் மாதப் பணம் இருபத்தாறாயிரம் வெள்ளிக்கிழமை கணக்கில் விழும். விழுந்ததும் அதில் பதினேழை ஃபைனான்ஸ் விழுங்கிவிடும். மிச்சம் ஒன்பது. ஒன்பதுக்குப் பாதி மோட்டார்கூட வராது.

லாண்ட்ரிக்குத் திரும்பியபோது கொழுந்தியாள் இஸ்திரி மேசையில் நின்றிருந்தாள். துணிக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் அவள் கையில்தான்.

"என்ன மாமா, சோப்புத்தூள் எங்கே?"

"அக்கவுன்ட் லாக். பணம் எடுக்க முடியல. யார்கிட்டயும் சொல்லாதே."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

அரை மணி நேரத்தில் மாமியார் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், தலையைத் தொங்கப் போட்டபடி மச்சான்.

"மாப்ள, என்னை நாலு அறை அறைஞ்சிடு," என்றார் மச்சான்.

"வேலை இருக்கு," என்றான் அவன்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் பேசுவதே அப்படி. தந்தி அடிப்பவன்கூட இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் போடுவான்.

மனைவியின் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கஷ்டம் வந்தால் கையில் பணம் கொடுக்கவே மாட்டார்கள். கையில் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூசும். சத்தமில்லாமல் கணக்கில் போட்டுவிடுவார்கள். "நீயா போட்டே?" என்று கேட்டால் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அவன் கணக்கு எண் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மிஷின் இல்லாமல் வாரத்தை ஓட்டியாக வேண்டும். ஹோட்டலில் இருந்து வந்த நூற்றிருபது பெட்ஷீட்கள் மூலையில் மலைபோல் கிடந்தன. செவ்வாய்க்கிழமை மச்சான் ஒரு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து லாண்ட்ரியின் பின்பக்கத்துச் சிமென்ட் தரையில் விரித்தார். நீலக் குளம். முள்கரண்டி குத்திய இடங்களில் சைக்கிள் பஞ்சர் ஒட்டியிருந்தார்.

"ஃபைனான்ஸ்காரனே வேண்டாம்னு விட்டுட்டுப் போன சொத்து," என்றார் மாமியார்.

"அம்மா, நூறு ஷீட் ஒரே நேரத்துல ஊறும்மா!"

"அது சரி, காத்தடிக்கிற மிஷின் எங்கே?" என்றாள் கொழுந்தியாள்.

"ரிப்பேர்," என்று சொல்லிவிட்டு மச்சான் சைக்கிள் பம்ப்பை எடுத்தார். ஒன்றரை மணி நேரம் அடித்தார். கடைசியில் குளம் எழுந்து நின்றது, மச்சான் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பின்பக்கம் பின்பக்கமாகவே இல்லை. தண்ணீரும் மிச்சமிருந்த சோப்பும் நிரப்பி நால்வரும் உள்ளே இறங்கி மிதித்தார்கள். மாமியார் புடவையை முழங்கால் வரை செருகிக்கொண்டு நடுவில் நின்று அதிகாரம் செய்தார்.

"மாப்பிள்ளை, மெதுவா மிதிக்கிறீங்க. உங்களைக் கோவப்படுத்தின யாரையாவது நினைச்சுக்குங்க."

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் ஓர் அடி தள்ளி நின்றார். கொழுந்தியாள் சிரித்த சிரிப்பில் வழுக்கி உட்கார்ந்தாள். அவளைத் தூக்கப் போன மச்சானும் உட்கார்ந்தார். அவன் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மதியம் வரை இப்படியே போயிற்று. அப்போதுதான் ஹோட்டலுக்குப் போன் போடுவதற்காகக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பேங்கில் இருந்து வரிசையாகச் செய்திகள். வரவு ஆறாயிரம், உடனே பற்று. வரவு நாலாயிரத்து ஐந்நூறு, உடனே பற்று. வரவு ஏழாயிரம். அதிலும் ஐந்நூறைத் தவிர மீதி பற்று.

"யார் பணம் போட்டது?"

குளத்தில் மூன்று ஜோடிக் கால்களும் நின்றன.

"பணமா? என்ன பணம்?" என்றார் மாமியார்.

"எனக்கேது மாப்ள பணம்?"

"நீங்க கொடுத்த சம்பளத்தை நான் ஏன் மாமா உங்களுக்கே போடப்போறேன்?" என்றாள் கொழுந்தியாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது அவனுக்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தான். லாக் என்றால் பெட்டிக்குப் பூட்டு மாதிரி இல்லை, அது வாயைத் திறந்து வைத்திருக்கிற முதலை, போடப் போட விழுங்கும் என்றான். ஆறாயிரம் என்பது ஒரு மாதம் நின்றுகொண்டே இஸ்திரி போட்ட கூலி, காற்றடிக்கிற மிஷினை நாலாயிரத்து ஐந்நூறுக்கு விற்றுவிட்டு ரிப்பேர் என்று சொன்னால் நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா, அத்தை பல்செட்டுக்கு வைத்திருந்த பணம் ஏழாயிரம் என்று எனக்குத் தெரியாதா, எல்லாம் போச்சே, யாராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றான். மூச்சு வாங்கியது.



"மாப்பிள்ளை இவ்வளவு பேசுவாரா?" என்றார் மாமியார் மகளிடம், மெதுவாக.

"நீ ஒரு வார்த்தை சொன்னியா மாப்ள?" என்றார் மச்சான். "பணம் எடுக்க முடியலன்னே. பணம் இல்லாமதான் எடுக்க முடியலன்னு நாங்க நினைச்சோம்."

அவன் மாமியார் பக்கம் திரும்பினான்.

"அத்தைக்குப் பல்செட்டு..."

"பல் இல்லாம இத்தனை நாள் உங்க மச்சானை நான் திட்டலையா? குறை வச்சேனா?"

கொழுந்தியாள் மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் ஈர விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தாள். "மாமா, எவ்வளவு குறையுதுன்னு பேங்க்ல சொன்னாங்க?"

"பதினேழு."

"நாங்க போட்டது, அதாவது, யாரோ போட்டது பதினேழாயிரத்து ஐந்நூறு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"முதலைக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு மாமா! அதான் கடைசியில ஐந்நூறைத் தொடல. நாளைக்கு ஹோட்டல் பணம் வந்தா முழுசா நமக்குத்தான்!"

மச்சான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹோட்டல் பணம் விழுந்தது. பதினொன்றுக்கு அவன் பேங்கில் இருந்தான். கண்ணாடி அம்மாள் உதட்டைப் பிதுக்கினார்.

"கடன் தீர்ந்துடுச்சு, உண்மைதான். நேத்தே அனுப்பிட்டோம். ஆனா பாக்கி இல்லைன்னு அவங்க லெட்டர் வேணும். தபால்ல வர திங்கள் ஆகும்."

"நேர்ல வாங்கிட்டு வந்தா?"

"நாலு மணிக்குள்ள வந்தா இன்னிக்கே திறந்துடலாம். கடன் வாங்கினவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

கடன் வாங்கியவர் மச்சான். எட்டு மாதமாக அந்த ஆபீஸ் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவர். அங்கே இருந்து போன் வந்தால் குரலை மாற்றி, "அவர் வெளியூர் போயிருக்கார்," என்று சொல்கிறவர். அவன் போனில் விஷயத்தைச் சொன்னான். இந்த முறை முழுசாக, ஒன்றையும் விடாமல் சொன்னான்.

நாலு மணிக்குள்ளதானே என்று மச்சான் இரண்டு தரம் கேட்டார். "போறேன் மாப்ள."

மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. பேங்க் பெஞ்சில் அவன் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். பாதி வழியிலேயே மச்சான் வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று ஒரு மனம் சொன்னது. காவலாளி பாதிக் கதவைச் சாத்தினார்.

மூன்று ஐம்பதுக்கு அந்தப் பாதிக் கதவில் மச்சான் பக்கவாட்டாக நுழைந்தார். சட்டை முழுக்க வியர்வை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கையில் ஒரு தாள்.

"காபி கொடுத்தாங்க மாப்ள!" பேங்க் முழுக்கக் கேட்டது. "நான் யாருன்னு சொன்னேன், எழுந்து நின்னு கை கொடுத்தாங்க! பிஸ்கட் வேற!"

"அதான் லேட்டா?"

"மரியாதைக்கு ரெண்டு சாப்பிட்டேன்."

கண்ணாடி அம்மாள் தாளை வாங்கினார், படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். ஏதோ தட்டினார். "எவ்வளவு எடுக்கணும்?"

"பத்தொன்பதாயிரம்," என்றான்.

ஐந்தரைக்குள் மோட்டார் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நட்டுகளை அவனே முடுக்கினான். சுவிட்சைப் போட்டான். பெரிய மிஷின் ஒரு தரம் முனகியது, தயங்கியது, பிறகு சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைத் துணிகள் விழுந்து எழுந்து புரண்டன. நால்வரும் அதன் முன்னால் வரிசையாக நின்று, புதுசாகப் பிறந்த ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மாமியார் மெல்லத் தாளம் போட்டார்.

"அத்தை," என்றான் அவன், "ஹோட்டல் பணத்துல மிச்சம் ஏழாயிரத்துக்கு மேல இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்க கணக்கு நம்பரை மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"சும்மாதான்," என்றான், முகத்தில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி. மச்சான்தான் முதலில் சிரித்தார்.