முகம் வராத ஷாட்

யுகேந்திரன் டீசரைப் போட்டுவிட்டு விஷ்ணுப்ரியாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவரிசையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன எடிட்டிங் அறையில் தன் வேலையை ரசிக்க அவனுக்கு அதுதான் வசதியான இடம். தீபாவளிக்கு வரப்போகும் டெலிமூவிக்கு டைரக்டரும் அவனே, எடிட்டரும் அவனே. கேமரா மட்டும் அவளுடையது.

முதலில் வைட் ஷாட். கிள்ளானில் ஒரு பழைய ஃப்ளாட், மாடிக்கு மாடி காயும் துணிகள், பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. அடுத்து குளோசப். மாவைக் கயிறுபோல் திரித்து கைமுறுக்கு சுற்றும் ஒரு கை. சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் வளைந்து நின்றது.

"எப்படி? வீட்டுக்குள்ளேயே போன மாதிரி இல்ல?" என்றான்.

விஷ்ணுப்ரியா டீசரைப் பின்னால் இழுத்து அந்த இரண்டு ஷாட்டையும் மறுபடி பார்த்தாள்.

அந்தக் கை கதாநாயகியுடையது அல்ல. அந்த அம்மாளுக்கு முறுக்கைத் தின்னத்தான் தெரியும். ஷூட்டிங்குக்கு அந்த ஃப்ளாட்டில் தன் வீட்டைக் கொடுத்த தாமரைதான் அவளுக்காகக் கை கொடுத்தாள். தாமரை ஜெஞ்சாரோம் ஊரில் லோரிக்காரப் புருஷனை விட்டு ஓடிவந்து, அந்த வீட்டில் முறுக்கு சுட்டு விற்றுப் பிழைப்பவள். அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் என்று விஷ்ணுப்ரியாவிடம் சொல்லித்தான் சம்மதித்தாள். "என் மொகம் மட்டும் வரக்கூடாதுங்க." வராது என்று இவள் சத்தியம் பண்ணாத குறை.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். வைட் ஷாட்டில் தாமரையைக் காட்டவில்லை, பிளாக் எண் தெரியாதபடி ட்ரைபாடைச் சாக்கடை ஓரமாக நகர்த்தி வைத்தாள். குளோசப்பை மணிக்கட்டோடு நிறுத்தினாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஷாட்டிலும் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தைக் காட்டி அடுத்து ஒரு கையைக் காட்டினால், இந்தக் கை இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது என்று பார்ப்பவன் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வான். சினிமா படிக்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் இது. படம் பிடிக்கும்போது அவளுக்கு அது உறைக்கவில்லை.

அந்த விரலைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். மாவு பிசைந்துகொண்டே தாமரை சொல்லியிருந்தாள். "லோரி கதவுல வெச்சு அடைச்சிட்டாரு." கேட்ட பிறகுதான் விஷ்ணுப்ரியா லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அந்த வளைவு ஃப்ரேமில் அழகாக இருந்தது. அழகைக் கண்டால் கேமராக்காரர்களுக்குப் புத்தி கொஞ்சம் கெட்டுத்தான் போகிறது.

"எப்ப நெட்ல போட்ட இத?"

"நேத்தே போட்டாச்சு லா. கமென்ட்ஸ் பாரு, அள்ளுது."

அள்ளத்தான் செய்தது. நெருப்புப் பொம்மைகளுக்கும் கைதட்டல்களுக்கும் நடுவே ஒன்று: "இந்தக் கைய எனக்கு தெரியும். எந்த எடம் பாஸ்?" எழுதியவன் பெயர் சிவநேசன். அவன் புரொஃபைல் படத்தில் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லோரி. அதற்குக் கீழே யுகேந்திரனின் பதில்: "நம்ம கிள்ளான்தான் அண்ணே. ஆதரவுக்கு நன்றி." கும்பிடும் கைகள் வேறு. ரசிகன் என்று ஒருத்தன் வந்துவிட்டால் யுகேந்திரன் வீட்டுச் சாவியையே எடுத்துக் கொடுத்துவிடுவான்.

தாமரை ஃபோனை எடுக்கவில்லை. தீபாவளி ஆர்டர் நேரம், மாவுக் கையோடு இருப்பாள் என்று விஷ்ணுப்ரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பவும் அடித்தாள். யுகேந்திரனின் காரில் ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்துகொண்டிருந்தபோதும் அடித்தாள். அவள் விஷயத்தைச் சொன்னதிலிருந்து யுகேந்திரன் முகம் செத்துப்போய் ஓட்டினான். இடையில் போலீசைக் கூப்பிட்டு விவரம் சொன்னான், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளான் கிட்டேதான், இவர்களுக்குத்தான் தூரம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

காரை ஃப்ளாட்டின் பின்பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் சுவரோரமாக வந்து கார்பார்க்கை எட்டிப் பார்த்தாள். அவள் ட்ரைபாட் வைத்த அதே சாக்கடை ஓரத்தில் ஓர் ஆள் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஃபோனை முகத்துக்கு நேரே உயர்த்தி, அதையும் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஓரடி இடது பக்கம் நகர்ந்தான். கொஞ்சம் பின்னால் போனான். தண்ணீர்த் தொட்டி கூரைக்கு மேல் எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு தெரியும்வரை, பொறுமையாக, அவள் அன்றைக்குச் செய்ததையெல்லாம் அப்படியே செய்துகொண்டிருந்தான்.

"பின் படியில ஏறி அவங்கள கூட்டிட்டு வந்துரு," என்று யுகேந்திரனிடம் கிசுகிசுத்தாள்.

"நீ?"

அவள் வெயிலில் இறங்கி அந்த ஆளிடம் நடந்தாள்.

"என்னா அண்ணே, எதும் தேடுறீங்களா?"

அவன் சிரித்தான். நல்ல பல்வரிசை. "இந்தப் படத்துல வர்ற எடம் இதானே தங்கச்சி?"

"இது இல்லண்ணே. எல்லா ஃப்ளாட்டும் ஒரே மாதிரிதான் கட்டி வெச்சிருக்கான். அது பாசாருக்குப் பின்னால இருக்கிற பிளாக்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எடுத்தேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு எதைச் சொன்னாலும் அவன் நம்பியிருக்கமாட்டான். ஃபோனை இறக்கிவிட்டு அவளை நன்றாகப் பார்த்தான்.

"அப்ப வாங்க. காட்டுங்க."

அவள் முன்னே நடந்தாள், அவன் ஒட்டியே வந்தான். திரும்பிப் பார்த்தால் கெட்டது. மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறப்பது போலச் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை. பாசாரில் மீன்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைகளைத் தாண்டி அந்த இன்னொரு பிளாக்கின் முன்னால் நிறுத்தி, "இதான்" என்றாள்.

அவன் ஃபோனை உயர்த்தினான். அவசரமே இல்லாமல் பார்த்தான்.

"தொட்டி எங்க தங்கச்சி?"

"அது... லென்ஸ் மாத்திப் போட்டா பின்னால இருக்கிறது கிட்ட தெரியும் அண்ணே..."

"பொய் சொல்றீங்க." குரலை உயர்த்தவே இல்லை. கைகுலுக்குவதுபோல அவள் வலது கையை எடுத்துக்கொண்டான். அவன் கட்டைவிரல் தேடிப்போய் அவள் சுண்டுவிரலில் நின்றது. "அவ எங்க?"

விரல் பின்னால் மடங்கத் தொடங்கியது. விஷ்ணுப்ரியா கத்தினாள். மீன்காரர்கள் திரும்பினார்கள்.

"குடும்ப விஷயம் பாஸ்," என்று அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேர் வேலையைப் பார்க்கத் திரும்பியும்விட்டார்கள். குவே பலகாரம் விற்கும் மலாய்க்காரப் பெண்மணி மட்டும் கையிலிருந்த இடுக்கியோடு எழுந்து நேரே வந்தாள். "கெனாப்பா, டிக்?" என்ன ஆச்சு தங்கச்சி என்று அவனை அல்ல, இவளைக் கேட்டாள். அதே சமயம் சாலை முனையில் போலீஸ் வண்டி திரும்பியது. அவன் கையை விட்டான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாசார் கூட்டத்துக்குள் நடந்தான். ஓடக்கூட இல்லை. போலீஸ்காரர்கள் இறங்கித் தேடியபோது ஆளைக் காணவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுங்கள் என்றார்கள்.

யுகேந்திரன் காரைக் கொண்டுவந்தான். பின்சீட்டில் தாமரை ஒரு துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விரல்களில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் ஏறியதும் விஷ்ணுப்ரியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. மொகம் வராம பாத்து பாத்துதான் எடுத்தேன்."

"என் மொகத்த அவரு என்னைக்குப் பாத்தாரு?" என்றாள் தாமரை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "சோறு போடுற கை, துணி தொவைக்கிற கை. அவருக்கு அதான் தெரியும்."

கார் நகர்ந்தது. தாமரை விஷ்ணுப்ரியாவின் வீங்கிய விரலைத் தொட்டுப் பார்த்தாள், அசைக்க முடிகிறதா என்று மெல்ல மடக்கிப் பார்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"உங்க மொகத்த நல்லா பாத்துட்டாரா?"

விஷ்ணுப்ரியா ஆமென்று தலையசைத்தாள்.

"பேரு கேட்டாரா?"

"கேக்கல," என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். யுகேந்திரன் ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவனுக்கும் அது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். டீசரின் கடைசியில், ஒளிப்பதிவு என்ற சொல்லுக்குக் கீழே, அவள் பெயரை அவன்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

தாமரை கையை நீட்டி, விஷ்ணுப்ரியா பக்கத்துக் கதவின் பூட்டை அழுத்திவிட்டாள்.