கிளிப்பச்சை சீட் கவர்

எங்கள் முதலாளி சிவசுப்பிரமணியம் என்னை ஒரு நாளும் திருடன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க மாரப்பன், பெட்ரோல் எங்கதானுங்க போகுது?"

அதையும் மரியாதையாகத்தான் கேட்டார். காலையில் காரில் ஏறும்போது ஒரு தடவை, சாயங்காலம் இறங்கும்போது ஒரு தடவை என்று ஒரு மாதம் முழுக்கக் கேட்டார்.

பதினாறு வருடமாக நான் அவருக்கு டிரைவர். திருப்பூரில் அவர் நாலு மிஷின் போட்டு பனியன் தைத்த காலத்தில் ஒரு ஓட்டை வேன் ஓட்டினேன். இப்போது அவர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர், நான் ஹைபிரிட் கார் ஓட்டுகிறேன். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் வண்டி. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஐந்து வருடம் வைத்திருந்ததை இவர் வாங்கினார். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து கார் கப்சிப்பென்று ஆகிவிடும். வாங்கிய புதிதில் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. முதலாளி அந்த இருபத்திரண்டை டீக்கடையில் சொன்னார், கல்யாண மண்டபத்தில் சொன்னார், தாராபுரத்தில் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடச் சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டுப் பார்ட்டி அவருடைய துணியை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. குழந்தைகள் ஸ்வெட்டருக்கான துணி அது. உள்பக்கம் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும், நிறம் கிளிப்பச்சை. பஞ்சு உதிர்கிறது என்று மெயிலில் ஒரே வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்த அன்று முதலாளி மத்தியானம் சாப்பிடவில்லை.

"என்ற துணியில பஞ்சு உதிருதாமா? பாத்தறலாம்ங்க. நானே அதுமேல ஒக்கார்றேன்."

அன்றைக்கே சாம்பிள் டெய்லர் அன்புசெல்வியைக் கூப்பிட்டு, காரின் பின்சீட்டுக்கு அந்தத் துணியிலேயே கவர் தைக்கச் சொன்னார். மெத்தென்ற பக்கம் மேலே வர வேண்டும். அந்தம்மா குழந்தைக்குச் சட்டை தைப்பது மாதிரி அளவெடுத்தார். சீட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு ஜன்னல் இருந்தது.

"இது என்னமோ ஓட்டையா இருக்குதுங்களே. இத உட்டுட்டுத் தைக்கட்டுங்களா?"

"அதையும் சேத்து மூடிருங்க கண்ணு. உள்ள தூசி போயிரும்" என்றார் முதலாளி.

கவர் வந்தது. தான் சொல்லும்வரை கழற்றக் கூடாது என்று எனக்கு உத்தரவும் வந்தது. முதலாளி பின்னால் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போல முன்சீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மைலேஜ் இறங்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு பத்தொன்பதானது, பத்தொன்பது பதினேழானது, கார்த்திகை பிறப்பதற்குள் பதினாலுக்கு வந்து நின்றது. டயரில் காற்றுப் பார்த்தோம், ஏர் ஃபில்டர் மாற்றினோம், பெட்ரோல் பங்க்கை மாற்றினோம். சிவன்மலைக் கோயிலுக்குப் போய் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். எதுவும் வேலைக்காகவில்லை. மெக்கானிக் ஒருவர் மட்டும் வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி ரொம்பச் சூடாகுதுங்க. அதனால வண்டி பேட்டரிய நம்பறதில்ல, இன்ஜினையே ஓட்டிட்டு இருக்குது. பேட்டரிய மாத்தோணும்" என்றார். விலையைக் கேட்டதும் முதலாளி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். புதுப் பேட்டரி வாங்குவதைவிட டிரைவரைச் சந்தேகப்படுவது சிக்கனம் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், பெட்ரோல் மூடியின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பேக்கிங்கில் பனியன் சரியாக இருந்தால் ஒட்டுகிற அதே 'செக்கிங் பாஸ்' ஸ்டிக்கர். கீழே தேதியும் அவர் கையெழுத்தும். பெட்ரோல் போடப் போனால் அவரே கூட வந்து கிழித்தார், போட்டு முடித்ததும் புதிதாக ஒன்று ஒட்டினார். பங்க்கில் இருந்தவர்களெல்லாம் காரைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தும் மைலேஜ் பதினாலுதானே என்று கேட்டேன்.

"அதாங்க எனக்கும் புரியல. எப்புடி எடுக்கறீங்கன்னே தெரியல" என்றார்.

போன வாரம் புதன்கிழமை அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சனிக்கெழமையோட நின்னுக்குங்க மாரப்பன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

வேலை போவதுகூடப் பரவாயில்லை. எங்கள் ரோட்டில் வரிசையாக நாற்பது கம்பெனி இருக்கிறது. பெட்ரோல் எடுத்தவன் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் ஒரு கேட்டும் எனக்குத் திறக்காது. என் மனைவி நிர்மலா அதில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். வியாழக்கிழமையே அவளிடம், "உங்க ஊட்டுக்காரரு பெட்ரோல் விக்கறாராமா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். நிர்மலா அன்றைக்கு என்னிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் கடைசி டூட்டி. வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்காகச் சரக்கு வாங்கித் தருகிற கோயம்புத்தூர் பையிங் ஆபீசிலிருந்து தேஜஸ்ரீ என்ற இன்ஸ்பெக்டர் ரயிலில் வருகிறார், கூட்டி வர வேண்டும். குடோனில் கிடக்கிற அதே கிளிப்பச்சைத் துணியை வேறொரு பார்ட்டிக்காகப் பார்க்க வருகிறார். வண்டியைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டுப் போவோம் என்று சீக்கிரமே வந்தேன். ரோஷத்தில், முதலாளியின் உத்தரவையும் மீறி, அந்தச் சீட் கவரைக் கழற்றித் துவைத்துக் காம்பவுண்டுச் சுவரில் காயப் போட்டேன்.

அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் ஜன்னலைப் பார்த்தேன். காரை ஆன் செய்திருந்தேன். உள்ளே காற்றாடி ஒன்று மூச்சு முட்டுவது மாதிரி இரைந்தது. மூடியைக் கழற்றினேன். பின்னால் இருந்த வலை தெரியவே இல்லை. இட்லி கனத்துக்குக் கிளிப்பச்சைப் பஞ்சு அப்பிக் கிடந்தது. பேட்டரி அந்தச் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, அது சூடாகிறது என்று மெக்கானிக் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

பேட்டரி மூச்சு விடுகிற ஓட்டையை மூடி, உதிர்கிற பஞ்சையும் அதற்கு ஊட்டியிருக்கிறோம். திருப்பூர்க்காரனைத் தவிர இதை யார் செய்வார்கள்? நான் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. பஞ்சை முழுசாகப் பெயர்த்து பனியன் போடுகிற ஒரு பிளாஸ்டிக் பாலிபேக்கில் போட்டு பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்பி வரும்போது சிக்னலில் இன்ஜின் அணைந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு கார் கப்சிப்பென்று நின்றது. மைலேஜ் இருபத்தொன்று.

"என்னண்ணா, தனியா சிரிக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து தேஜஸ்ரீ கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். வண்டி பேசாம இருக்குது, அதாங்க."

கம்பெனிக்கு வந்ததும் நேராக முதலாளியிடம் போய்ப் பாலிபேக்கை மேஜைமேல் வைப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் தேஜஸ்ரீ பையை வைத்த கையோடு துணியைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் செக்கிங் ஹாலின் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பஞ்சு உதிர்ற மாதிரி தெரியுதே சார்."

"ஐயோ, இல்லீங்க! ஆறு மாசமா என்ற காருக்கே இதுதானுங்க சீட் கவரு. ஒரு நூலு உதிர்ந்துதான்னு கேளுங்க. அதோ நிக்கறாரு பாருங்க, என்ற டிரைவரு. அவரையே கேளுங்க. பதினாறு வருசமா இருக்காரு, ஒரு வார்த்த பொய் சொல்ல மாட்டாருங்க."

நான் அசந்துபோனேன். புதன்கிழமை என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்ன வாய் அது. இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது என்று தெரிந்தது. மெதுவாக உள்ளே போனேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு நெசமாவேதான் சொல்றீங்களாங்க?"

"நெசமாத்தானுங்க!"

"அப்ப, பெட்ரோல நான் எடுக்கலீன்னு சொன்னதும் நெசந்தானுங்களே?"

முதலாளி தேஜஸ்ரீயைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். ஹாலில் இருபது பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள். நெற்றியில் வேர்த்துக்கொண்டே, "ஆமாங்க, ஆமாங்க. மாரப்பன் எடுக்கலீங்க" என்றார்.

"சரி, இப்ப சொல்லுங்கண்ணா. பஞ்சு உதிருதா?" என்றார் தேஜஸ்ரீ.

பாலிபேக்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இது எங்க காரு தின்னதுங்க மேடம். இதத் தின்னுட்டுத்தானுங்க லிட்டருக்குப் பதினாலு குடுத்துச்சு. காலைல எடுத்துப்போட்டேன், இருபத்தொண்ணு குடுக்குது."

தேஜஸ்ரீ பஞ்சைத் துணியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நிறம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "லேப்ல குடுத்திருந்தாகூட இவ்வளவு தெளிவா ரிப்போர்ட் வராது சார். துணிய இன்னொரு வாஷ் போட்டு அனுப்புங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

முதலாளியைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் தேஜஸ்ரீயை ஸ்டேஷனில் விட்டுத் திரும்பும்போது முதலாளி முன்சீட்டில் இருந்தார். சிக்னலில் இன்ஜின் அணைந்தது. கம்பெனியில் இறங்கியதும் காரைச் சுற்றி நடந்து பெட்ரோல் மூடியிடம் போனார். நகத்தால் நெம்பி அந்த ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்தார். உரித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் விரலில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன்.

அவர் அதை என் சட்டைப் பாக்கெட்டின்மேல் ஒட்டினார். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார்.

"திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்தறீங்களாங்க?"

"வந்தறேனுங்க."

அன்று நான் பஸ் ஏறவில்லை. நாற்பது கம்பெனி கேட்டையும் ஒன்றுவிடாமல் தாண்டி வீட்டுக்கு நடந்தே போனேன். டீக்கடையில் ஒருவர் என் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அதென்னங்க நெஞ்சுல?" என்று கேட்டார்.

"செக்கிங் முடிஞ்சுருச்சுங்க" என்றேன்.

அந்தச் சட்டையைத் துவைக்க நான் நிர்மலாவை இன்னும் விடவில்லை.